மூன்று நிமிட வானம்: சிங்கப்பூர் ஆகாயப்படையின் கதை

2024 அக்டோபர் 15 அன்று மதுரையிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் வெடிகுண்டு இருப்பதாக விமான நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. விமானம் சிங்கப்பூரை நெருங்கும் நேரத்தில் இரண்டு எஃப்-15 போர் விமானங்கள் மேலே வந்து அதன் கூடவே பறந்தன. குடியிருப்புகள் இருக்கும் பக்கம் வரவிடாமல் அதைத் தள்ளிக் கூட்டிப்போய், இரவு 10 மணி தாண்டிச் சில நிமிடங்களில் சாங்கி விமான நிலையத்தில் இறங்க வைத்தன. சோதனை போட்டுப் பார்த்ததில் ஒன்றும் இல்லை, புரளி. மறுநாள் செய்தி படித்த நம்மவர்கள் சிலருக்கு 'அப்பாடா'வுக்கு அடுத்தபடியாக ஒரு சந்தேகமும் வந்திருக்கும். ஓர் ஊர் அளவுக்கே இருக்கிற நாட்டுக்கு எஃப்-15 எதற்கு?

நியாயமான சந்தேகம்தான். சிங்கப்பூரின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சிப் பரப்பைப் போல இரண்டு மடங்குகூட வராது. மக்கள் 60 லட்சம் பேர். அப்படிப்பட்ட நாட்டிடம் சுமார் 100 போர் விமானங்கள் இருப்பதாக ராணுவ ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பணக்கார நாடு, வாங்கி அடுக்குகிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். பணம் ஒரு காரணம்தான். ஆனால் இந்த ஆகாயப்படையின் (அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகள் இப்படித்தான் எழுதும், நானும் அப்படியே எழுதுகிறேன்) ஒவ்வொரு முடிவையும், அதன் சில விசித்திரமான பழக்கங்களையும் புரிந்துகொள்ள ஒரே ஒரு வகுத்தல் கணக்கு தெரிந்தால் போதும்.

தீவின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஜெட் போர் விமானம் அலட்டிக்கொள்ளாமலே மணிக்கு 900 கிலோமீட்டர் போகும். அதாவது நிமிடத்துக்கு 15. ஐம்பதைப் பதினைந்தால் வகுங்கள்: மூன்றே கால் நிமிடம். அதற்குள் மொத்த நாடும் முடிந்துவிடுகிறது. வடக்கு தெற்காகப் போனால் இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ராணுவத்துக்காரர்கள் 'ஆழம்' என்று ஒன்றைச் சொல்வார்கள். எதிரி உள்ளே நுழைந்தால் பின்வாங்கி, மூச்சு வாங்கி, திருப்பி அடிக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் ஆழம். ரஷ்யாவுக்கு அது ஏராளம். 1941இல் ஜெர்மானியர்கள் மாஸ்கோ வாசல் வரை வந்த பிறகும் ரஷ்யாவுக்குப் பின்னால் ஒரு கண்டமே மிச்சம் இருந்தது. இந்தியாவுக்கும் உண்டு; எல்லையில் ஒரு தளம் அடிபட்டால் உள்ளே தள்ளி இன்னொன்று இருக்கும். சிங்கப்பூருக்கு ஆழம் கிடையாது. தளங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில். முதல் அடியே கடைசி அடியாகிவிடலாம்.

இது காகிதத்தில் போட்ட கணக்கு மட்டும் இல்லை. 1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர்மேல் குண்டு போட்டன. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களையும் மலாயாக் கடலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. கப்பல்களுக்கு மேலே பாதுகாப்புக்கு ஒரு போர் விமானமும் இல்லை. பிரிட்டிஷார் அங்கே வைத்திருந்த பஃபலோ ரக விமானங்கள் ஜப்பானின் ஜீரோவுக்கு முன்னால் நிற்கவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று 'வீழ்த்த முடியாத கோட்டை' சரணடைந்தது. வானம் கைவிட்டுப் போனால் தீவு என்ன ஆகும் என்பது அந்த ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, கதைக்கு வருவோம்.

1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரிடம் ஒரு போர் விமானம்கூடக் கிடையாது. அதைப் பற்றிப் பெரிய பதற்றமும் இல்லை. தெங்கா, சாங்கி, சிலேத்தார் என்று தீவு முழுக்கப் பிரிட்டிஷ் விமானப்படை உட்கார்ந்திருந்தது. வானத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நாம் தரைப்படையைக் கட்டுவோம் என்பதுதான் ஏற்பாடு. இரண்டே வருடத்தில் அந்த ஏற்பாடு கலைந்தது. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைக்க வேண்டிய நிலைக்குப் பிரிட்டன் வந்துவிட்டது. 1968 ஜனவரியில் பிரதமர் ஹரால்ட் வில்சன், சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளை எல்லாம் 1971க்குள் திரும்ப அழைத்துக்கொள்வதாக அறிவித்தார். சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ நேரே லண்டனுக்குப் போய் வாதாடியதில் கிடைத்தது ஒன்பது மாத அவகாசம்: 1971 மார்ச்சுக்குப் பதில் 1971 டிசம்பர். அந்தத் தளங்களை நம்பி நாட்டின் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிக்கொண்டிருந்தது என்பது தனிக் கவலை.

ஆக, நான்கு வருடத்துக்குள் ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு விமானப்படை. 1968 செப்டம்பர் 1 அன்று அது பிறந்தது. அப்போது அதன் பெயரில் 'விமானப்படை' என்ற சொல்லே இல்லை; 'சிங்கப்பூர் வான் தற்காப்புக் கமாண்டு' என்றுதான் வைத்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். இல்லாததை இருப்பதாகக் காட்டாத பெயர். சிங்கப்பூர்க் குடியரசு ஆகாயப்படை என்ற இன்றைய பெயருக்கு அது மாறியது 1975 ஏப்ரல் 1 அன்று.

முதலில் வந்தவை எட்டு செஸ்னா 172 விமானங்கள், 1969இல். நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் புரொப்பல்லர் விமானம். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பறக்கும் பயிற்சிக் கழகங்களில் பார்க்கலாம். நம்மூரில் கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு மாருதி 800 எப்படியோ அப்படி. அதில் கற்றுக்கொண்டவர்கள் ஏறுவதற்கு 16 ஸ்ட்ரைக்மாஸ்டர் ஜெட்டுகள் வந்தன. 1970இல் ஹன்ட்டர் வந்தது. ஹன்ட்டர் நல்ல போர் விமானம்தான், ஆனால் பழையது. பிரிட்டனில் பயன்படுத்தியதைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். பிரிட்டிஷார் தீவில் நிறுத்தியிருந்த பிளட்ஹவுண்ட் ஏவுகணைகளையும் சிங்கப்பூரே வாங்கிக்கொண்டது. வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவரிடம் பீரோவையும் கட்டிலையும் பேசி வாங்கிக்கொள்வதில்லையா, அது மாதிரி. பீரோ வாங்கலாம், ஆளை வாங்க முடியாது. பைலட், மெக்கானிக், ரேடார் இயக்குபவர் எல்லாரையும் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. முதல் பைலட்டுகள் பிரிட்டனுக்குப் போய்க் கற்றார்கள். பிரிட்டனிலிருந்து ஆசிரியர்கள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

அடுத்து வந்தது ஸ்கைஹாக். இந்த விமானத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 'நவீனமயமாக்கல்' என்று செய்தித்தாளில் வரும் சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1972இல் அமெரிக்கக் கடற்படை கழித்துப் போட்ட ஏ-4பி ஸ்கைஹாக் விமானங்கள் 40ஐ சிங்கப்பூர் வாங்கியது. 1950களில் செய்தவை. விமானம்தாங்கிக் கப்பலிலிருந்து பறப்பதற்காக வடிவமைத்த சின்ன, உறுதியான, ஒற்றை இருக்கை விமானம். வாங்கியதும் பிரித்துப் போட்டார்கள். பெரும்பாலானவற்றுக்கு வேலை நடந்தது சிங்கப்பூரிலேயே. பழைய மின்கம்பிகளைப் பிடுங்கிவிட்டுப் புதியவை, புதிய குறிபார்க்கும் கருவி, பிறகு 20 மில்லிமீட்டர் பீரங்கியைக் கழற்றிவிட்டு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி. ஏடனே ஏன்? ஹன்ட்டரிலும் இருந்தது அதுதான். இரண்டு விமானத்துக்கும் ஒரே குண்டு, ஒரே உதிரிப் பாகம், ஒரே பயிற்சி. கிடங்கில் இரண்டு வகை சாமான் வைக்க இடமும் ஆளும் இல்லாத வீட்டில் இப்படித்தான் யோசிப்பார்கள்.

பழகுவதற்கு இரட்டை இருக்கை விமானம் வேண்டும். வாங்கியதில் இல்லை. அதனால் சில விமானங்களின் உடம்பை வெட்டி, நடுவில் ஒரு துண்டைச் சேர்த்து நீட்டி, இரண்டாவது காக்பிட்டைத் தனியாகச் செருகிவிட்டார்கள். ஒரே நீளக் கண்ணாடிக்குக் கீழே இரண்டு பேர் உட்காருவதுதான் வழக்கம். இதில் இரண்டு காக்பிட், இரண்டு தனித்தனிக் கண்ணாடி மூடி. ஒட்டகத்துக்கு இரண்டு திமில் மாதிரி. உலகத்தில் வேறெந்த நாட்டு ஸ்கைஹாக்கும் இப்படி இருந்ததில்லை. படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் வேலை செய்தது.

1980களில் பழைய எஞ்சின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. விபத்துகள் நடந்தன, சில காலம் விமானங்களைத் தரையிலேயே நிறுத்திவைக்கும் நிலை வந்தது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா? விமானத்தின் உலோக உடம்புக்கு இன்னும் ஆயுள் இருந்தது. அதனால் எஞ்சினை மட்டும் மாற்றினார்கள். அமெரிக்காவின் எஃப்/ஏ-18 போர் விமானத்தில் இருக்கும் எஃப்404 எஞ்சினின் ஒரு வகையை அதற்குள் பொருத்தினார்கள். அம்பாசிடர் காரில் இசுசூ எஞ்சின் வந்தபோது நம்மூர் டாக்ஸிக்காரர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று நினைவிருக்கிறவர்களுக்கு இது புரியும். வெளியே அதே பழைய உருண்டை வண்டி, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேறு வண்டி. 'சூப்பர் ஸ்கைஹாக்' என்று பெயர் மாறிய அந்த விமானங்கள் 2005 வரை முன்னணிப் படையில் இருந்தன. அதற்கப்புறமும் பிரான்ஸில் பயிற்சி விமானமாக 2012 வரை பறந்தன. ஐம்பது வயது தாண்டிய உடம்பு.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது, ஒரு போர் விமானத்தின் பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் கிழடாவதில்லை என்பது. உடம்பு முப்பது, நாற்பது வருடம் தாங்கும். எஞ்சின் அதற்குள் ஒரு தலைமுறை பின்தங்கிவிடும். ரேடாரும் கணினியும் பத்து, பதினைந்து வருடத்திலேயே பழசு. ஏவுகணைகளும் அப்படித்தான். புத்தியுள்ள சின்ன நாடு உடம்பை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றிக்கொண்டே போகும். 1979இல் வந்த எஃப்-5 டைகருக்கும் சிங்கப்பூர் இதையே செய்தது. புது ரேடார் வைத்து 2015 வரை ஓட்டியது. இப்போது எஃப்-16க்கும் அப்படியே. இந்த வேலைகளுக்காகவே 1975இல் தொடங்கிய அரசு நிறுவனம் இன்று எஸ்டி எஞ்சினியரிங் என்ற பெரிய குழுமத்தின் பகுதியாக, உலகத்தின் பயணிகள் விமானங்களை எல்லாம் பழுதுபார்த்துக் காசு பண்ணுகிறது. பழைய ஸ்கைஹாக்கைப் பிரித்து மேய்ந்த கைப்பழக்கம் வீண்போகவில்லை.

பழசைப் பேணுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 மே 8 அன்று தெங்காவில் ஓர் எஃப்-16 கிளம்பும்போதே கட்டுப்பாடு இழந்து தளத்துக்குள்ளேயே விழுந்தது. பைலட் இருக்கையோடு வெளியேறித் தப்பித்தார். எஃப்-16ஐப் பைலட் நேரடியாக ஓட்டுவதில்லை, கணினி வழியாகத்தான் ஓட்டுகிறார். விமானத்தின் மூக்கு எந்த வேகத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்பதைக் கணினிக்குச் சொல்ல மூன்று முதன்மை சுழல் உணரிகள் உண்டு. ஒன்று தப்பாகச் சொன்னால் மற்ற இரண்டையும் நம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அன்றைக்கு இரண்டு ஒரே நேரத்தில், ஒரே மாதிரி தப்பாகச் சொன்னது. பெரும்பான்மை வென்றது, சரியாகச் சொன்ன மூன்றாவதைக் கணினி ஒதுக்கிவிட்டது. மிக அபூர்வமான கோளாறு என்று விமானத்தைத் தயாரித்த நிறுவனமே சொன்னது.

அந்த எஃப்-16 சிங்கப்பூருக்கு வந்த விதமும் சுவாரசியம்தான். எல்லாருக்கும் நல்ல சரக்கைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கா ஒரு காலத்தில் நினைத்தது. ஏற்றுமதிக்கென்றே பழைய எஞ்சின் போட்ட, தரம் குறைத்த எஃப்-16/79 என்ற ஒன்றைக் கடை விரித்தது. சிங்கப்பூர் முதலில் அதற்குத்தான் ஒப்புக்கொண்டது. பிறகு அமெரிக்கா பிடியைத் தளர்த்தியதும், 1985இல் சட்டென்று மாற்றிக்கொண்டு முழுத் தரமுள்ள எஃப்-16 எட்டை வாங்கியது. எஃப்-16/79ஐக் கடைசியில் யாருமே வாங்கவில்லை.

எஃப்-15 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2005இல் பிரான்ஸின் ரஃபேல் கடைசிச் சுற்றுவரை போட்டியிட்டுத் தோற்றது. 2010 முதல் எஃப்-15 சிங்கப்பூர் வானத்தில் பறக்கிறது. நல்ல விமானம், விலையும் அதற்குத் தக்க.

## பார்ப்பதே பாதி வேலை

மூன்று நிமிடக் கணக்குக்குத் திரும்பலாம். நாட்டை அகலமாக்க முடியாது. ஆனால் எதிரி வருவதை முன்கூட்டியே பார்த்தால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை. அதனால் தரையில் இருக்கும் ரேடாருக்கு, தாழப் பறந்து வரும் விமானம் சில பத்துக் கிலோமீட்டர் தூரத்தில்தான் கண்ணில் படும். 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதே மூன்று நிமிடம். அதே ரேடாரை ஏழெட்டுக் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் 350 கிலோமீட்டர் வரை பார்க்கலாம். அதாவது இருபது நிமிடத்துக்கு மேல். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதற்கும் மொட்டை மாடியிலிருந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அதனால்தான் 1980களில் சிங்கப்பூர் நான்கு ஈ-2சி ஹாக்ஐ விமானங்களை வாங்கியது. முதுகில் தட்டுப் போன்ற பெரிய சுழலும் ரேடாரைச் சுமந்துகொண்டு போகும் விமானம். அதில் சுடுவதற்கு ஒன்றும் கிடையாது. பார்ப்பதும், பார்த்ததைப் போர் விமானங்களுக்குச் சொல்வதும்தான் வேலை. இதுவரை சிங்கப்பூர் வாங்கியதிலேயே புத்திசாலித்தனமான சாமான் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கண் தெரியாமல் நாற்பது பேர் நிற்பதைவிடக் கண் தெரிந்த பத்துப் பேர் தேவலை. பிறகு அந்த இடத்துக்கு, சின்ன பிசினஸ் ஜெட்டின் இரு பக்கங்களிலும் ரேடார் பொருத்திய ஜி550 வந்தது.

இன்னொரு தொல்லை சிங்கப்பூர் தானே வரவழைத்துக்கொண்டது. ஊர் வளர வளர அடுக்குமாடிகள் உயர்ந்தன. தரை ரேடாரின் பார்வையைச் சொந்த ஊர்க் கட்டடங்களே மறைக்க ஆரம்பித்தன. மேலே சொன்ன விமானங்கள் 24 மணி நேரமும் பறக்க முடியாது, செலவும் கட்டுப்படியாகாது. அதற்கு ரேடாரைச் சுமக்கும் ஒரு பலூன்! 55 மீட்டர் நீளம், தரையோடு கேபிளால் கட்டிப்போட்டது, 600 மீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டு 200 கிலோமீட்டர் தூரம் வரை பார்க்கும். 2014இல் அறிவித்தபோது ஊரே அண்ணாந்து பார்க்கும் திமிங்கலம் ஒன்று வரப்போகிறது என்று பேச்சாக இருந்தது.

## பஸ் ஸ்டாப்பைப் பிடுங்கினால் ஓடுபாதை

எதிரி முதலில் குண்டு போடுவது ஓடுபாதையில். ஆயிரம் கோடி விமானமும் ஓடுபாதையில் பத்துக் குழி விழுந்தால் நகராது. ஆழமுள்ள நாடு வேறு தளத்துக்குப் போகும். சிங்கப்பூர் சாலைக்குப் போகிறது.

தீவின் வடமேற்கில், தெங்கா தளத்தை ஒட்டி லிம் சூ காங் சாலை. ஒரு பக்கம் தளத்தின் வேலி, சுற்றிலும் பண்ணைகள், பக்கத்தில் பெரிய கல்லறைத் தோட்டம். சாதாரணச் சாலைதான், பஸ் போகும். ஆனால் அதில் ஒரு நீளம் மட்டும் வளைவே இல்லாமல் கோடு போட்டது மாதிரி நேராக இருக்கும். 1986 முதல் சில வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சாலையை மூடிவிட்டு, அதன் 2,500 மீட்டரை ஓடுபாதையாக மாற்றிப் போர் விமானங்களை இறக்கி ஏற்றிப் பார்த்துவந்தார்கள். 'டோரன்ட்' என்று அந்தப் பயிற்சிக்குப் பெயர்.

2016 நவம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது 48 மணி நேரம். விளக்குக் கம்பங்களைக் கழற்றுகிறார்கள். அவை முதலிலேயே கழற்றுவதற்குத் தோதாக நட்டவை. பஸ் நிறுத்தக் கூரை, வழிகாட்டிப் பலகை, ஓரத் தடுப்பு எல்லாம் போகிறது. மரக்கிளைகளை வெட்டுகிறார்கள். விளக்குகளை வரிசையாக வைக்கிறார்கள். எல்லாவற்றையும்விட மெனக்கெடுகிற வேலை பெருக்குவது. எஃப்-16இன் எஞ்சினுக்குக் காற்றை இழுக்கும் வாய் வயிற்றுக்குக் கீழே, தரைக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. வீட்டு வேக்குவம் கிளீனர் மாதிரி எதிரில் இருப்பதை எல்லாம் உறிஞ்சும். ஒரு சின்னக் கல், ஒரு போல்ட் உள்ளே போனால் எஞ்சின் பிளேடு போச்சு. அதனால் இரண்டரைக் கிலோமீட்டர் சாலையையும் துப்புரவாகக் கூட்டி, குனிந்து பொறுக்கிச் சரிபார்க்கிறார்கள். நம் ஊர் நெடுஞ்சாலை ஒன்றை நினைத்துப் பார்த்தேன். பொறுக்கி முடிக்க எத்தனை நாளாகும்!

சாலையின் அகலம் 24 மீட்டர். வழக்கமான ராணுவ ஓடுபாதையில் ஏறக்குறைய பாதி. இறங்கும் பைலட்டுக்கு மேலிருந்து அது ஒரு நாடா மாதிரி தெரியும். இரண்டு பக்கமும் மரங்கள். கொஞ்சம் விலகினால் புல்லில் போய் நிற்க வேண்டியதுதான்.

## பள்ளிக்கூடம் வெளியூரில்

நிலத்துக்கு அடுத்த பற்றாக்குறை வானம். போர் விமானம் பழகப் பரந்த வான்வெளி வேண்டும். இரண்டு விமானங்கள் நூறு கிலோமீட்டர் தள்ளி நின்று ரேடாரில் ஒன்றையொன்று தேடிப் பழக வேண்டும். சிங்கப்பூரில் அப்படிப் பழகினால் இரண்டுமே வேறு நாட்டில் இருக்கும். அதுவும் உலகத்தின் பரபரப்பான பயணிகள் விமான நிலையங்களில் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 1998 செப்டம்பரில், அரசியல் உரசல்களுக்கு நடுவே, சிங்கப்பூர் ராணுவ விமானங்கள் தன் வான்வெளியில் பறப்பதற்குக் கொடுத்திருந்த அனுமதியை மலேசியா திரும்பப் பெற்றது. கிளம்பின கையோடு திரும்ப வேண்டிய நிலை இன்னும் இறுகியது.

விளைவு, ஒரு சிங்கப்பூர் பைலட்டின் படிப்பு உலகச் சுற்றுலா மாதிரி ஆகிவிட்டது. அடிப்படைப் பயிற்சி மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்தில், பிசி-21 புரொப்பல்லர் விமானத்தில். அடுத்தது தெற்கு பிரான்ஸில் போர்டோவுக்குப் பக்கம் கசோ என்ற ஊரில், எம்-346 ஜெட்டில். அப்புறம் அமெரிக்காவில் எஃப்-16 என்றால் அரிசோனா, எஃப்-15 என்றால் ஐடஹோ. சும்மா பாடம் கேட்கப் போவதில்லை. சிங்கப்பூரின் சொந்த விமானங்களே அங்கே நிற்கின்றன, குடும்பங்களும் அங்கே குடியிருக்கின்றன. இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. மேற்கு வங்கத்தின் கலைக்குண்டா தளத்தில் சிங்கப்பூர் விமானங்கள் வந்து இந்திய விமானப்படையோடு சேர்ந்து பயிற்சி செய்வதற்கு 2007இல் ஒப்பந்தம் போட்டு நடந்துவருகிறது. வெளிநாட்டுப் படைக்கு இந்தியா இப்படி இடம் கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை.

இவ்வளவு தூரம் போர் விமானங்களைக் கொண்டுபோக, வானத்திலேயே எரிபொருள் நிரப்பும் டாங்கர் விமானம் வேண்டும். ஏர்பஸ் ஏ330 பயணிகள் விமானத்தை அதற்காக மாற்றியமைத்த ரகத்தில் ஆறு வைத்திருக்கிறார்கள்.

வெளியூரில் இருப்பதால் எதிர்பாராத சில காரியங்களும் நடந்தன. 2005இல் கத்ரினா சூறாவளி நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, டெக்சாஸில் பயிற்சியில் இருந்த சிங்கப்பூரின் சினூக் ஹெலிகாப்டர்கள் போய் மக்களையும் பொருள்களையும் ஏற்றி இறக்கின. அதற்கு முந்தைய வருட சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் மூலாபோவில் சாலையெல்லாம் போய்விட்ட நேரத்தில் இறங்கியதும் சிங்கப்பூரின் சினூக்குகள்தான்.

இனி வரப்போவது எஃப்-35. அமெரிக்கா 2020இல் விற்பனைக்கு ஒப்புதல் கொடுத்தது. முதலில் நான்கு, 2023இல் மேலும் எட்டு எஃப்-35பி விமானங்களுக்கு சிங்கப்பூர் ஆர்டர் கொடுத்தது. பி என்பது சின்ன இடத்தில் கிளம்பி, ஹெலிகாப்டர் மாதிரி நேராகக் கீழே இறங்கக்கூடிய ரகம். ஓடுபாதையே பலவீனம் என்கிற நாட்டுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா என்று தோன்றும். ஆனால் சும்மா வருவதில்லை. நேராக இறங்க வேண்டுமென்றால் பைலட்டுக்குப் பின்னால் பெரிய விசிறி ஒன்றைச் சுமக்க வேண்டும். அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய எரிபொருள் குறையும், தூக்கும் குண்டும் குறையும். அதனால்தானோ என்னவோ, 2024இல் வழக்கமான ஓடுபாதை கேட்கும் எஃப்-35ஏ ரகத்தில் எட்டும் வாங்குவதாக அறிவித்தார்கள். எல்லாவற்றையும் ஒரே விசித்திர விமானத்தில் வைக்காமல் கலந்து வைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இதற்கும் பயிற்சி அமெரிக்காவில்தான், அர்கான்சஸ் மாநிலத்தில்.

நிலப் பற்றாக்குறை இதோடும் விடவில்லை. எஃப்-15கள் நிற்கும் பாய லேபார் தளம், 1981இல் சாங்கி திறக்கும் வரை நாட்டின் பயணிகள் விமான நிலையமாக இருந்தது. சுற்றிலும் இப்போது ஊர். விமானம் ஏறி இறங்கும் பாதை என்பதால் பக்கத்துப் பேட்டைகளில் கட்டடங்களை ஓர் உயரத்துக்கு மேல் எழுப்ப முடியாது. அந்தத் தளத்தை 2030க்குப் பிறகு மூடிவிட்டு, 800 ஹெக்டேர் நிலத்தை வீடு கட்டக் கொடுப்பதாக 2013இல் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். அங்கிருப்பவை சாங்கிக்கும் தெங்காவுக்கும் பிரிந்து போக வேண்டும். அப்படியானால் தெங்காவை விரிவாக்க வேண்டும். தெங்காவுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? பண்ணைகள், லிம் சூ காங் சாலை, கல்லறைத் தோட்டம்.

2017இல் திட்டம் வெளியானது. பண்ணைகளை அரசு எடுத்துக்கொண்டது. நேரே ஓடிய அந்தச் சாலையின் ஒரு பகுதி தளத்துக்குள் போகிறது. அதற்குப் பதில் வேறு சாலை. சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் சீனர்களின் கல்லறைகள் சுமார் 45,500, முஸ்லிம்களின் கல்லறைகள் 35,000 தோண்டி அப்புறப்படுத்த வேண்டியவை என்று கணக்கிட்டு, குடும்பத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்தார்கள்.